வருத்தமா, மன்னிப்பா? அரசியல்வாதிகளின் மன்னிப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏஜென்சியிலிருந்து வரும் வெளிநாட்டுச் செய்திகளைத் தமிழாக்குவது எனக்குப் பல வருட வேலை. செய்தி மேசைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் வேறு எதில் தடுமாறுகிறார்களோ இல்லையோ, ஒரு தலைவர் "வருந்தினார்" என்று வரும் செய்தியில் கட்டாயம் தடுமாறுவார்கள். வீட்டிலும் அதே கதைதான். டிவியில் எவராவது கைகூப்பி நின்றால் என் மாமனார் உடனே என் பக்கம் திரும்புவார். இரண்டு இடத்திலும் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே கீழே போட்டிருக்கிறேன்.

1. "வருத்தம் தெரிவித்தார்", "மன்னிப்பு கேட்டார்", ரெண்டும் ஒண்ணுதானே சார்?

இல்லை. சாவு வீட்டுக்குப் போய் வருத்தம் தெரிவிக்கிறோம். அதனால் சாவுக்கு நாம் காரணம் என்று ஆகிவிடாது. மழையில் கல்யாணப் பந்தல் நனைந்தாலும் வருத்தம்தான். வருத்தப்படுவதற்குத் தப்பு செய்திருக்க வேண்டியதில்லை. மன்னிப்பு அப்படியல்ல. செய்த ஆள் வேண்டும், செய்த காரியம் வேண்டும், கொடுக்கவோ மறுக்கவோ உரிமையுள்ள எதிராளி வேண்டும். அதனால்தான் வருத்தத்தைத் "தெரிவிக்கிறோம்", மன்னிப்பைக் "கேட்கிறோம்".

ஜாலியன்வாலாபாக் நல்ல உதாரணம். 1919 ஏப்ரல் 13 அன்று அமிர்தசரஸில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் இறந்தவர்கள் 379 பேர் என்பது பிரிட்டிஷ் அரசின் கணக்கு. காங்கிரஸின் கணக்கு ஆயிரத்தைத் தொடும். 1997-இல் எலிசபெத் ராணி அங்கே போய்ச் செருப்பைக் கழற்றி, மலர்வளையம் வைத்து, தலைகுனிந்து நின்றார். 2013-இல் பிரதமர் டேவிட் கேமரன் பார்வையாளர் ஏட்டில் இது மிகவும் வெட்கக்கேடான நிகழ்வு என்று எழுதினார். நூற்றாண்டுக்கு மூன்று நாள் முன்பு, 2019 ஏப்ரல் 10 அன்று, தெரசா மே நாடாளுமன்றத்தில் ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தார். மூன்று பேரும் மன்னிப்பு என்ற சொல்லின் பக்கத்தில் வந்து நின்றார்கள்; தொடவில்லை. அன்று எங்கள் மேசையில் ஒரு தம்பி "மன்னிப்பு கேட்டது பிரிட்டன்" என்று தலைப்புப் போட்டு வைத்திருந்தான். பக்கம் அச்சுக்குப் போவதற்குப் பத்து நிமிடம் முன்னால் பிடித்தோம்.

2. ஒரு வார்த்தையில என்ன வந்துடப் போகுது? கோர்ட்டுல கூடவா இதையெல்லாம் பார்ப்பாங்க?

பார்ப்பார்கள். 2019 ஏப்ரலில் ரஃபேல் போர் விமானக் கொள்முதல் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. தன்னை நாட்டின் காவலாளி என்று சொல்லிக்கொண்ட பிரதமர் மோடியைக் குறிவைத்து, காவலாளி திருடன் என்று நீதிமன்றமே சொல்லிவிட்டது என ராகுல் காந்தி பேசினார். நீதிமன்றம் அப்படி எதுவும் சொல்லியிருக்கவில்லை. அவமதிப்பு வழக்கு வந்தது.

முதல் பிரமாணப் பத்திரத்தில் அவர் வருத்தம் தெரிவித்தார். போதவில்லை. இரண்டாவது பத்திரத்திலும் அதே வருத்தம்தான். இந்த முறை அந்தச் சொல் அடைப்புக்குறிக்குள் வேறு இருந்தது. இது என்ன அர்த்தம் என்று நீதிபதிகள் கேட்டார்கள். மே 8 அன்று மூன்றாவது பத்திரம் வந்தது, "நிபந்தனையற்ற மன்னிப்பு" என்ற சொற்களோடு. நவம்பர் 14 அன்று, இனிமேல் கவனமாகப் பேசுங்கள் என்று புத்தி சொல்லி வழக்கை முடித்தார்கள். ஓர் அடைப்புக்குறிக்கு இவ்வளவு கவனிப்பு கிடைத்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

3. "தவறு நடந்துவிட்டது"ன்னு சொல்லிட்டாரே, அது ஒப்புக்கிட்ட மாதிரிதானே?

தவறு நடந்தது என்பதை ஒப்புக்கொண்டார். யார் செய்தது என்பதை அல்ல. அமெரிக்க அரசியலில் இதற்குப் பெரிய பாரம்பரியமே உண்டு. ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்று, அந்தப் பணத்தில் ஒரு பகுதியை நிகரகுவா கிளர்ச்சிப் படைக்குத் திருப்பிவிட்ட விவகாரம் வெடித்தபோது, 1987 ஜனவரியில் அதிபர் ரீகன் நாடாளுமன்றத்தில் பேசினார். பெரிய தவறுகள் செய்யப்பட்டன என்றார். செய்தவர் வாக்கியத்தில் இல்லை. அதே ரீகன் மார்ச் 4 அன்று டிவியில் தோன்றி இன்னும் ஒரு படி இறங்கினார். பணயக்கைதிகளை மீட்க ஆயுதம் கொடுக்கவில்லை என்று உங்களிடம் சொன்னேன், அதுதான் உண்மை என்று என் மனசு இன்னும் சொல்கிறது, ஆனால் ஆதாரங்கள் அப்படி இல்லை என்கின்றன, என்றார். பொய் சொன்னேன் என்று சொல்லாமலே, சொன்னது பொய் என்று சொல்லிவிட்ட வாக்கியம் அது. வகுப்பு எடுக்கும்போது இதைத்தான் நான் முதலில் போர்டில் எழுதுவேன்.

ஆங்கிலத்தில் இதற்குச் செயப்பாட்டுவினை தேவைப்படுகிறது. தமிழில் அந்தச் சிரமம் கூட இல்லை. உடைத்தான் என்பதற்குப் பக்கத்திலேயே உடைந்தது இருக்கிறது, கலைத்தான், கலைந்தது, கவிழ்த்தான், கவிழ்ந்தது. கையில் டம்ளரோடு நிற்கும் மூன்று வயசுக் குழந்தைகூட "பால் கொட்டிடுச்சு" என்றுதான் சொல்லும், "கொட்டிட்டேன்" என்று சொல்லாது. இதோடு "விட்டது" சேர்ந்தால், யார் தடுத்திருந்தாலும் நடந்திருக்கும் என்கிற ஒரு கையறு நிலையும் இலவசமாக வந்துவிடும். "உயிரிழப்பு ஏற்பட்டுவிட்டது" என்று அறிக்கையில் வந்தால் நான் பிள்ளைகளிடம் சொல்வது ஒன்றுதான்: "யாரால?" என்று பக்கத்தில் பென்சிலால் எழுது. அறிக்கையில் பதில் இருக்கிறதா என்று தேடு.

4. "யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால்" என்பதில் என்ன தப்பு? பணிவாத்தானே இருக்கு?

"இருந்தால்" என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. புண்பட்டதே இன்னும் முடிவாகவில்லை என்று ஆகிறது. புண்பட்டிருந்தாலும் அது உங்கள் மனசின் மென்மையால், என் பேச்சின் முரட்டுத்தனத்தால் அல்ல என்கிற தொனியும் கூடவே வருகிறது. 2023 டிசம்பரில் தருமபுரி மக்களவை உறுப்பினர் செந்தில்குமார், இந்தி பேசும் மாநிலங்களைப் பசுவின் மூத்திரத்தோடு சேர்த்துப் பேசினார். மறுநாள் அவையிலேயே எழுந்து, உறுப்பினர்கள் மனம் புண்பட்டிருந்தால் சொற்களைத் திரும்பப் பெறுகிறேன், வருந்துகிறேன் என்றார். திரும்பப் பெற்றது உண்மையான செயல், குறிப்பிலிருந்தும் நீக்கினார்கள். ஆனாலும் அந்த "இருந்தால்" ஒட்டிக்கொண்டே வந்தது. அவரை மட்டும் சொல்வது நியாயமில்லை, எல்லாக் கட்சியின் அறிக்கை எழுதுபவர்களிடமும் இந்த வாக்கியம் அச்சுக் கோத்துத் தயாராக இருக்கிறது.

எங்கள் பகுதியில் ஒரு மழைக்கால முடிவில் நடந்த குறைகேட்புக் கூட்டம் ஞாபகம் வருகிறது. கால்வாய் தூர்வாராமல் தெரு முழுக்கத் தண்ணீர். உள்ளூர்ப் பிரமுகர் ஒருவர் மைக்கைப் பிடித்து, "பொதுமக்களுக்கு ஏதேனும் சிரமம் ஏற்பட்டிருக்குமேயானால்" என்று ஆரம்பித்தார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி சேலையை முழங்கால்வரை தூக்கி, காலில் சேற்றுப்புண்ணைக் காட்டி, "ஏற்பட்டிருக்குமேயானாலா? இந்தா பாருய்யா" என்றார். கூட்டம் சிரித்தது. அவர் வாக்கியத்தை முடிக்கவே இல்லை.

5. சரி, "மன்னிப்பு"ன்னே சொல்லிட்டார், "இருந்தால்" எல்லாம் இல்லை. இப்பவாவது முழு மன்னிப்பா?

எதற்கு என்று பாருங்கள். பிரிட்டனில் லிபரல் டெமாக்ராட் கட்சித் தலைவர் நிக் கிளெக், கல்லூரிக் கட்டணத்தை உயர்த்தவிட மாட்டோம் என்று 2010 தேர்தலில் வாக்குக் கொடுத்தார். கூட்டணி ஆட்சிக்குப் போனதும் கட்டணம் உயர்ந்தது. 2012 செப்டம்பரில் காணொளி வெளியிட்டு மன்னிப்பு கேட்டார். வாக்கை மீறியதற்கு அல்ல, நிறைவேற்ற முடியுமென்ற உறுதி இல்லாமல் அப்படி ஒரு வாக்கைக் கொடுத்ததற்கு. அந்தப் பேச்சையே யாரோ பாட்டாக மாற்றி இணையத்தில் விட்டுவிட்டார்கள், அது தனிக் கதை.

2021 நவம்பர் 19 அன்று வேளாண் சட்டங்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்த பிரதமர் மோடியும் மன்னிப்பு என்ற சொல்லைத் தெளிவாகவே பயன்படுத்தினார். எங்கள் தவத்தில் ஏதோ குறை இருந்திருக்க வேண்டும், அதனால் விளக்கொளி போன்ற உண்மையைச் சில விவசாயிகளுக்குப் புரியவைக்க முடியவில்லை என்றார். கூர்ந்து கேட்டால், சட்டம் தப்பு என்று எங்கும் சொல்லவில்லை. சட்டம் வாபஸ் ஆனது, சட்டத்தைப் பற்றிய கருத்து வாபஸ் ஆகவில்லை.

யாரிடம் என்றும் பார்க்க வேண்டும். மகாராஷ்டிரத்தின் மால்வணில் 2023 டிசம்பரில் திறந்த சிவாஜி சிலை 2024 ஆகஸ்ட் 26 அன்று விழுந்து நொறுங்கியது. நான்கு நாள் கழித்துப் பிரதமர் சிவாஜியின் பாதத்தில் தலை வைத்து மன்னிப்பு கேட்பதாகச் சொன்னார். சிவாஜியைத் தெய்வமாக வழிபடுபவர்களிடமும் மன்னிப்பு கேட்டார். சிலையை யார் எப்படிக் கட்டினார்கள் என்ற கேள்விக்கு அந்த மன்னிப்பில் இடமில்லை. தெய்வத்திடம் கேட்கும் மன்னிப்பில் ஒரு வசதி, தெய்வம் குறுக்குக் கேள்வி கேட்காது.

6. ஒரு மொழியில வருத்தம், இன்னொரு மொழியில மன்னிப்புன்னு வந்தா எதை எடுக்கிறது?

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி, கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். 1972 செப்டம்பரில் ஜப்பான் பிரதமர் ககுயே தனாகா பெய்ஜிங்குக்குப் போனார். இரண்டு நாடுகளும் உறவைப் புதுப்பிக்கப் போகும் நேரம். வரவேற்பு விருந்தில் போர்க்காலத்தைப் பற்றிப் பேசும்போது, சீன மக்களுக்குப் பெரிய "மெய்வாகு" கொடுத்துவிட்டோம் என்றார். ஜப்பானிய மொழியில் அதற்கு இடத்தைப் பொறுத்துக் கனம் கூடும், குறையும். சீன மொழிக்கு வந்தபோது "தொந்தரவு கொடுத்துவிட்டோம்" என்று ஆகிவிட்டது. லட்சக்கணக்கில் பிணம் விழுந்த போருக்குத் தொந்தரவு! மறுநாள் சீனப் பிரதமர் சூ என்லாய் கடிந்துகொண்டார்: ஒரு பெண்ணின் பாவாடையில் தெரியாமல் தண்ணீர் தெளித்துவிட்டால் சொல்கிற சொல் இது. செப்டம்பர் 29 அன்று வெளியான கூட்டறிக்கையில் அந்தச் சொல் இல்லை. போரினால் சீன மக்களுக்கு விளைத்த பெரும் சேதத்துக்கான பொறுப்பை ஜப்பான் ஆழமாக உணர்ந்து தன்னையே கண்டித்துக்கொள்வதாக வாசகம் மாறியது.

தனாகாவுக்கு மொழிபெயர்ப்பு காலை வாரியது. 2001-இல் அதுவே கைகொடுத்தது. ஏப்ரல் 1 அன்று ஹைனான் தீவருகே அமெரிக்க உளவு விமானமும் சீனப் போர் விமானமும் மோதின. சீன விமானி வாங் வெய் இறந்தார். அமெரிக்க விமானம் அனுமதியில்லாமல் தீவில் இறங்க, அதிலிருந்த 24 பேரும் சீனாவிடம் சிக்கினார்கள். சீனா கேட்டது மன்னிப்பு. அமெரிக்கா கொடுக்க மறுத்ததும் அதுதான். பதினோராம் நாள் அமெரிக்கத் தூதர் ஒரு கடிதம் கொடுத்தார். அதில் "மிகவும் வருந்துகிறோம்" என்பதற்கான ஆங்கிலச் சொற்கள் இரண்டு இடத்தில் இருந்தன: விமானியின் குடும்பத்துக்கு ஒன்று, வாய்மொழி அனுமதியில்லாமல் இறங்கியதற்கு ஒன்று. சீன ஊடகங்கள் அதை மன்னிப்புக்கு மிக நெருங்கிய சொல்லால் தங்கள் மக்களுக்குச் சொன்னன. வாஷிங்டனோ, நாங்கள் மன்னிப்பு கேட்கவே இல்லை என்றது. ஒரே தாள், இரண்டு ஊரில் இரண்டு செய்தி, 24 பேரும் வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

ஆகவே எதை எடுப்பது என்றால், எந்த மொழியில் சொன்னாரோ அந்தச் சொல்லைப் பிடியுங்கள். எதிர்த்தரப்பு அதை எப்படி வாசித்தது என்பதை அடுத்த பத்தியில் தனியாகச் சொல்லுங்கள்.

7. மன்னிப்பு கேட்டா நஷ்டஈடு கொடுக்கணும்னு பயந்துதான் வருத்தத்தோட நிறுத்துறாங்களா?

பெரும்பாலும் ஆமாம், வக்கீல்தான் பேனாவைப் பிடித்து நிறுத்துகிறார். ஆனால் இந்த இரண்டும் ஒன்றோடொன்று கட்டுண்டவை அல்ல. கென்யாவில் தங்கள் ஆட்சியை எதிர்த்த மாவ் மாவ் எழுச்சியை அடக்கியபோது பிரிட்டிஷ் நிர்வாகம் செய்த சித்திரவதைக்காக, 2013 ஜூனில் வெளியுறவு அமைச்சர் வில்லியம் ஹேக் 5,228 பேருக்கு 1 கோடியே 99 லட்சம் பவுண்டு அறிவித்தார். உளமார வருந்துவதாகவும் சொன்னார். அதே மூச்சில், சட்டப்படியான பொறுப்பை அரசு ஏற்கவில்லை என்றும் சொன்னார். பணம் உண்டு, மன்னிப்பு இல்லை.

ஆஸ்திரேலியாவில் தலைகீழ். பழங்குடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போனதற்காக 2008 பிப்ரவரி 13 அன்று பிரதமர் கெவின் ரட் முழு மன்னிப்பு கேட்டார். பணம் கிடையாது என்றும் சொல்லிவிட்டார். மத்திய அரசின் நேரடி ஆட்சியிலிருந்த பகுதிகளில் பாதிக்கப்பட்டவர்களுக்கு 75,000 டாலர் இழப்பீடு என்று அறிவிப்பு வந்தது 2021-இல். அதற்குள் எத்தனை பேர் போய்ச் சேர்ந்திருப்பார்கள். இரண்டையும் சேர்த்துச் செய்ததற்கும் உதாரணம் உண்டு: இரண்டாம் உலகப்போரில் முகாம்களில் அடைத்த ஜப்பானிய அமெரிக்கர்களில் உயிரோடு இருந்தவர்களுக்கு 1988 சட்டப்படி மன்னிப்பும் கிடைத்தது, ஆளுக்கு 20,000 டாலரும் கிடைத்தது. கையெழுத்துப் போட்டவர், மூன்றாம் கேள்வியில் பார்த்த அதே ரீகன்.

8. எங்கே நின்னு கேட்டா என்ன? கேட்டது கேட்டதுதானே?

கோமகட்டா மாரு கப்பலில் போனவர்களின் வாரிசுகளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். 1914-இல் 376 பேரோடு வான்கூவர் வந்த அந்தக் கப்பலில், பெரும்பாலும் சீக்கியர்களான பயணிகளை இறங்கவிடாமல் இரண்டு மாதம் நிறுத்தி வைத்துத் திருப்பி அனுப்பியது கனடா. 2008 ஆகஸ்டில் பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பர் சர்ரே நகரத்துப் பூங்காவில் நடந்த ஒரு திருவிழா மேடையில் மன்னிப்பு கேட்டார். அவர் இறங்கிப் போனதும் அதே மேடையிலிருந்து கூட்டத்திடம் கேட்டார்கள், ஏற்கிறீர்களா என்று. இல்லை என்று கை தூக்கினார்கள். அதே வருஷம் ஜூனில் பழங்குடிக் குழந்தைகளின் உறைவிடப் பள்ளிகளுக்காக நாடாளுமன்றத்தில் எழுந்து நின்று கேட்டவர், எங்களுக்கு மட்டும் பூங்காவிலா என்பதுதான் ஆத்திரம். எட்டு வருஷம் கழித்து, 2016 மே 18 அன்று, ஜஸ்டின் ட்ரூடோ நாடாளுமன்றத்தில் கேட்டார். பூங்காவில் பேசியது காற்றோடு போகும். அவைக்குறிப்பில் ஏறியதை நாளைக்கு இல்லை என்று சொல்ல முடியாது.

இதற்கு எதிர்முனையும் உண்டு. அமெரிக்கப் பூர்வகுடிகளிடம் அந்நாடு 2009-இல் முறைப்படி மன்னிப்பு கேட்டது. எத்தனை பேருக்குத் தெரியும்? ராணுவச் செலவு மசோதாவுக்குள் ஒரு பிரிவாக வைத்து, இதை வைத்து யாரும் அரசின் மேல் வழக்குப் போட முடியாது என்றும் ஒரு வரி சேர்த்து, அந்த டிசம்பரில் ஒபாமா கையெழுத்திட்டார். விழா இல்லை, உரை இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதையும் செய்து காட்டிவிட்டார்கள்.

9. மண்டி போடுறது, காலில் விழுறது எல்லாம் கேமராவுக்குத்தானே?

கேமரா இருக்கும்போது செய்வதெல்லாம் கேமராவுக்காக என்று ஆகிவிடாது. 1970 டிசம்பர் 7 அன்று மேற்கு ஜெர்மனியின் பிரதமர் வில்லி பிராண்ட் வார்சாவில், நாஜிகள் யூதர்களை அடைத்து வைத்திருந்த பகுதியின் நினைவிடத்துக்குப் போனார். வழக்கம்போல மலர்வளையம். நாடாவைச் சரி செய்தார். ஓர் எட்டு பின்னால் வந்தார். திடீரென்று ஈரத் தரையில் இரண்டு முழங்காலையும் ஊன்றினார். கைகள் முன்னால் கோத்தபடி, தலை லேசாகக் கவிழ்ந்தபடி. ஒரு வார்த்தை பேசவில்லை. அரை நிமிடம் இருக்கலாம், எழுந்து போய்விட்டார். வார்த்தை தோற்றுப்போகும் இடத்தில் மனிதர்கள் செய்வதைச் செய்தேன் என்று பின்னால் சொன்னார். இத்தனைக்கும் அவர் நாஜிகளிடமிருந்து தப்பி நார்வேயில் இருந்து அவர்களை எதிர்த்தவர். மன்னிப்பு கேட்க வேண்டிய அவசியமே இல்லாத ஆள் மண்டியிட்டார், அவசியமிருந்த பலர் ஊரில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

நாடகமா என்று நான் பார்ப்பது ஒன்றை வைத்துத்தான்: செய்தவருக்கு அதனால் செலவு ஏதும் ஆனதா? பிராண்டுக்கு ஆனது. அது மிகை என்று அன்றைய கருத்துக்கணிப்பில் மேற்கு ஜெர்மானியரில் 48 சதவீதம் பேர் சொன்னார்கள், சரி என்றவர்கள் 41 சதவீதம். அதே கணக்கில் ஜாலியன்வாலாபாக்கில் 2019 செப்டம்பரில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்த, இங்கிலாந்துத் திருச்சபையின் தலைமைக் குருவான கான்டர்பரி பேராயர் ஜஸ்டின் வெல்பியைப் பார்த்தால், அவர் மனப்பூர்வமாகத்தான் விழுந்திருப்பார். ஆனால் அரசின் சார்பில் பேச எனக்கு அதிகாரமில்லை என்று அவரே சொல்லிவிட்டார். அதிகாரமுள்ளவர் விழவில்லை, விழுந்தவருக்கு அதிகாரமில்லை.

10. செஞ்சவங்க செத்தே போயிட்டாங்க. சம்பந்தமே இல்லாதவர் ஏன் மன்னிப்பு கேட்கணும்?

ஏழாம் கேள்வியில் வந்த பழங்குடிக் குழந்தைகள் விஷயத்தில், ரட்டுக்கு முன்பு ஆஸ்திரேலியப் பிரதமராக இருந்த ஜான் ஹோவர்ட் பதினோரு வருஷம் சொன்ன வாதம் இதுதான். முந்தின தலைமுறை செய்ததற்கு இந்தத் தலைமுறை எப்படிப் பொறுப்பாகும் என்று கேட்டு, 1999-இல் ஆழ்ந்த வருத்தத்தோடு நிறுத்திக்கொண்டார். எனக்கு அந்த வாதம் ஒட்டவில்லை. அரசு என்பது ஆள் இல்லை. தாத்தா காலத்துக் கடன் பத்திரத்துக்கு இன்றைய அரசு வட்டி கட்டுகிறது, தாத்தா காலத்து வெற்றிக்கு இன்றைய அரசு விழா எடுக்கிறது. சொத்தில் பங்கு வேண்டும், கடனில் வேண்டாம் என்றால் எந்த ஊர் பஞ்சாயத்தும் ஒத்துக்கொள்ளாது.

ஆனால் யார் வாயிலிருந்து வருகிறது என்பது உறுத்தத்தான் செய்யும். 1984 சீக்கியப் படுகொலைகளுக்காக 2005 ஆகஸ்டில் வெட்கத்தால் தலைகுனிகிறேன் என்று நாடாளுமன்றத்தில் சொன்னவர் மன்மோகன் சிங். அவரே சீக்கியர். அந்தப் படுகொலை வழக்கொன்றில் காங்கிரஸ் பிரமுகராக இருந்த சஜ்ஜன் குமாருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது 2018 டிசம்பரில்தான்.

இலங்கையில் 1983 ஜூலைக் கலவரத்துக்காக 2004-இல் அரசின் சார்பில் மன்னிப்பு கேட்ட சந்திரிகா குமாரதுங்க, அந்தக் கலவரத்தின்போது ஆட்சியில் இருந்தவரல்ல. யாழ்ப்பாண நூலகத்தை எரித்ததற்காக 2016 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் மன்னிப்பு கேட்ட ரணில் விக்கிரமசிங்கவின் கதை வேறு. 1981-இல் நூலகம் எரிந்தபோது ஆண்டது அவருடைய கட்சி. கல்வி அமைச்சர் அவரேதான்.

11. ராஜினாமா பண்றதும் மன்னிப்பு கேட்கிறதும் ஒண்ணா?

நம் ஊரில் இந்தக் கேள்விக்குப் பெயர் அரியலூர். 1956 நவம்பர் 23 அன்று வெள்ளத்தில் மருதையாற்றுப் பாலம் உடைந்து தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்தது. 140 பேருக்கு மேல் இறந்தார்கள். அதே வருஷம் செப்டம்பரில்தான் மகபூப்நகரில் இன்னொரு ரயில் விபத்து. அப்போதே ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா கொடுத்தார், நேரு ஏற்கவில்லை. அரியலூருக்குப் பிறகு ஏற்றார். சாஸ்திரி பொறுப்பாளி என்பதற்காக அல்ல, ஒரு முன்னுதாரணம் வேண்டும் என்பதற்காக என்று நேரு விளக்கமும் சொன்னார். துணை அமைச்சராக இருந்த நம்மூர் அழகேசனைக் குறிவைத்து, ஆண்டது போதாதா, மாண்டது போதாதா என்று திமுகவினர் எழுப்பிய எதுகைக் கோஷம் இன்னும் வயசானவர்கள் வாயில் இருக்கிறது.

ராஜினாமாவில் வார்த்தைக்கு வேலை குறைவு, அதனால் நழுவும் இடமும் குறைவு. ஆனால் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய ஆள் நாற்காலியைக் காலி செய்துகொண்டு போய்விடுவதற்கும் அதுவே வழி.

12. மன்னிப்பு கேட்டா ஓட்டு போயிடுமா, வருமா?

இரண்டுக்கும் உதாரணம் காட்டலாம், அதனால் இதில் சூத்திரம் சொல்கிறவரை நம்பாதீர்கள். ஐந்தாம் கேள்வியில் வந்த நிக் கிளெக்கின் கட்சி 57 இடத்திலிருந்து 2015-இல் 8 இடத்துக்கு வந்தது. பிராண்ட் மண்டியிட்டதற்கு அடுத்த ஆண்டு நோபல் அமைதிப் பரிசு பெற்றார், 1972 தேர்தலில் வென்றார். மணிப்பூர் முதல்வர் பிரேன் சிங், 2023 மே மாதம் தொடங்கிய வன்முறைக்காக 2024-இன் கடைசி நாளில் மன்னிப்பு கேட்டார். நாற்பது நாளில் பதவியை விட்டார். இருபது மாதம் கழித்து வருகிற மன்னிப்பை ஊரார் காலண்டரோடு சேர்த்துத்தான் படிப்பார்கள்.

13. மன்னிப்பு கேட்டபிறகும் ஏத்துக்க மாட்டேன்னு சொல்றது நியாயமா? அதுக்கு மேல அவர் என்னதான் செய்யணும்?

முதல் கேள்விக்கான பதிலை மறுபடி பாருங்கள்: மன்னிப்பு கேட்கப்படுவது. கேட்டது கிடைக்காமலும் போகலாம், அது கொடுப்பவர் உரிமை. சமோவா மக்களிடம் "இஃபோகா" என்று ஒரு வழக்கம் உண்டு. தப்பு செய்தவர் தரப்பு, பாதிக்கப்பட்டவர் வீட்டு வாசலில் பாயைத் தலைமேல் போர்த்திக்கொண்டு உட்கார வேண்டும். உள்ளே இருப்பவர்கள் வந்து பாயை விலக்கினால் மன்னித்தார்கள் என்று அர்த்தம். விலக்காமலும் இருக்கலாம். 1970-களில் பசிபிக் தீவு மக்களின் வீடுகளில் விடியற்காலையில் போலீஸ் புகுந்து தேடியதற்காக 2021 ஆகஸ்ட் 1 அன்று நியூசிலாந்துப் பிரதமர் ஜெசிந்தா ஆர்டன் ஆக்லாந்தில் மன்னிப்பு கேட்டபோது, அந்த வழக்கப்படியே ஒரு பெரிய வெள்ளைப் பாய்க்கு அடியில் உட்கார்ந்தார். பாதிக்கப்பட்ட சமூகத்தவர் பாயை எடுத்து அவரை எழுப்பினார்கள். நாட்டின் பிரதமர் முகம் தெரியாமல், அடுத்தவர் கைக்காகக் காத்திருந்த அந்தச் சில நொடிகளை நான் பலமுறை ஓட்டிப் பார்த்திருக்கிறேன்.

பாதி ஏற்கவும் செய்யலாம். 2018 ஏப்ரலில் தமிழக ஆளுநர் பன்வாரிலால் புரோகித் செய்தியாளர் சந்திப்பில் கேள்வி கேட்ட ஒரு பெண் நிருபரின் கன்னத்தைத் தட்டினார். எதிர்ப்பு எழுந்ததும், பேத்தி போல நினைத்துப் பாராட்டாகத் தட்டினேன் என்று விளக்கி, மன்னிப்பும் கேட்டுக் கடிதம் எழுதினார். மன்னிப்பை ஏற்கிறேன், நீங்கள் சொல்லும் காரணத்தை ஏற்கவில்லை என்று அந்த நிருபர் பதில் சொன்னார். மன்னிப்போடு ஒட்டிவந்த சமாதானத்தை இவ்வளவு சுத்தமாகப் பிரித்து எடுத்துத் திருப்பிக் கொடுத்ததை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

14. தலைப்புல இடம் இல்லைன்னா "சாரி சொன்னார்"னு போடலாமா?

கூடாது. "சாரி" நம்மிடம் வந்து ரொம்ப லேசாகிவிட்டது. பஸ்ஸில் காலை மிதித்தால் சாரி, ராங் நம்பர் என்றால் சாரி. ஆஸ்திரேலியாவில் அந்த ஆங்கிலச் சொல்லுக்கு இருந்த கனமே வேறு. பத்தாம் கேள்வியில் சொன்ன பதினோரு வருஷமும் ஹோவர்ட் சொல்ல மறுத்தது அந்த ஒற்றைச் சொல்லைத்தான். 2008-இல் ரட் அதைச் சொன்னபோது, பிரிந்த தாய்மாருக்கு, தகப்பன்மாருக்கு, உடன்பிறந்தோருக்கு என்று வரிசையாகச் சொல்லிச் சொன்னார். பெரிய திரைகளில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அழுதார்கள். அடுத்து எழுந்த எதிர்க்கட்சித் தலைவர் பிரெண்டன் நெல்சனும் ஆதரித்துத்தான் பேசினார். ஆனால் அன்றைக்குச் செய்தவர்கள் நல்லெண்ணத்தோடு செய்தார்கள் என்கிற பக்கமும் பேச்சு போனது. கூட்டத்தில் பலர் திரைக்கு முதுகைக் காட்டி நின்றார்கள்.

அந்தச் செய்திக்குத் தலைப்பு "மன்னிப்பு கேட்டார் ரட்". எழுத்து எண்ணிப் பார்த்தால் "சாரி சொன்னார்" என்பதைவிடப் பெரிதாக ஒன்றும் இடம் பிடிக்காது.